மலையைக் கும்பிட்டா மார்க் குறையும்

எங்க கம்பெனி லாரிங்கள்ல கேமரா பொட்டி மாட்டின அன்னைக்கு ஆளுக்கு ரெண்டு லட்டு குடுத்தாங்க. பொட்டிக்கு ஒரு முழம் மல்லி சுத்தி, சூடம் காட்டி, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினோம். எங்களுக்கு ஆப்பு வெக்க வந்த சாமானுக்கு நாங்களே பூஜ போட்டோம். லட்டு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

பொட்டி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். முன் கண்ணாடிக்கு மேல ஒட்டியிருப்பாங்க. ஒரு கண்ணு ரோட்டப் பாக்கும், இன்னொரு கண்ணு நம்ம மூஞ்சியப் பாக்கும். கொட்டாவி விட்டா, கண்ண மூடினா, போன எடுத்தா, ஸ்டியரிங்ல இருந்து கைய எடுத்தா, சடார்னு பிரேக் அடிச்சா, உள்ள இருந்து ஒரு பொம்பள குரல் "கவனம்! ஓட்டுநர் கவனம்!"னு கத்தும். கத்தறதோட விட்டாலும் பரவாயில்ல, ஒவ்வொரு கத்தலுக்கும் மார்க் கழியும். மாசம் பொறந்தா நூறுல ஆரம்பிப்போம். மாசக் கடைசியில யாரு எங்க நிக்கறாங்கன்னு ஆபீஸ் சுவத்துல ஒட்டுவாங்க. பத்தாவதுல கணக்குக்குப் பயந்து ஸ்கூல விட்டு ஓடி வந்தவன் நான். நாப்பது வயசுக்கு மேல மறுபடியும் மார்க்கப் பாத்து பயப்படுவேன்னு கனவுலகூட நெனக்கல.

மார்க் ஜாஸ்தி இருக்கறவனுக்கு லோக்கல் லைன். காலையில மெட்ராஸுக்கு லோடு, சாயங்காலம் வீடு. கடைசியா வர்றவனுக்கு அடுத்த மாசம் பூரா வடக்கு லைன். நாக்பூர் போய் பருப்பு ஏத்திட்டு வரணும், இறக்கணும், திரும்பவும் போகணும். அங்க இருந்து லோக்கல் லைனுக்குத் திரும்பி வரணும்னா அந்த மாசம் ஒரு கத்தல்கூட இருக்கக் கூடாது. நூத்துக்கு நூறு. வடக்கு ரோட்டுல நூத்துக்கு நூறு வாங்கறவன் டிரைவரா இருக்க மாட்டான், பொம்மையாத்தான் இருப்பான்.

எனக்கு அந்த வருஷம் லோக்கல் லைன் வேணும், எப்பாடு பட்டாவது வேணும். பெரியவ ஆறாவது படிக்கிறா. இனிமே இல்லன்னு நாங்க விட்டுட்ட நேரத்துல வீட்டுக்காரிக்கு ரெண்டாவது தங்கிடுச்சு. அவளுக்குப் பிரஷர் வேற. "கூட ஆள் இருக்கணும்"னு டாக்டரம்மா என் மூஞ்சியப் பாத்தே சொல்லிச்சு. பெரியவ பொறந்தப்ப நான் வேற ஒரு கம்பெனியில ஓட்டிக்கிட்டு, எங்கியோ ஒரிசா பக்கம் டயர் கழட்டிக்கிட்டு இருந்தேன். வீடு வந்து புள்ளையத் தூக்கினா, யாரோ புடிக்க வந்துட்டான்னு அது வீல்னு கத்துச்சு. வீட்டுக்காரி அதுக்காக என்னத் திட்டல. "வலி வந்தப்ப புடிச்சுக்க ஒரு கை இல்லீங்க, கட்டில் கம்பியத்தான் புடிச்சுக்கிட்டேன்"னு மட்டும் சொன்னா. திட்டியிருந்தா மறந்திருப்பேன். ஆம்பளைங்கள பிரசவ ரூமுக்குள்ள விட மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். கதவு வரைக்குமாச்சும் இந்த வாட்டி கம்பி வேணாம், என் கையப் புடிச்சுக்கன்னு சத்தியம் பண்ணிட்டேன்.

முதல் மாசமே எங்க டிப்போ மொத்தமும் கவுந்துச்சு. ஒருத்தன் மார்க்கும் உருப்படி இல்ல. மெட்ராஸ்ல இருந்து சேஃப்டி சார் ஒருத்தர் லேப்டாப்போட வந்து இறங்கினார். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழ கருவளையம். எங்க டிப்போவுக்கு மொத்தமா ஒரு மார்க் இருக்காம், அது கம்மியானா அவருக்கு மேல இருக்கறவன் அவர வறுப்பானாம். பாவம், அவரும் எங்கள மாதிரிதான்னு அப்பதான் தெரிஞ்சிது. அவர் எங்க திருவண்ணாமலை மேப்ப சுவத்துல பெருசா காட்டினார். கத்தல் விழுந்த எடமெல்லாம் சிவப்புப் புள்ளி. பாத்தா, மலையச் சுத்தி அம்ம போட்ட மாதிரி கொத்துக் கொத்தா புள்ளி.

"இந்த எடத்துல எல்லாம் எதுக்குங்க ஸ்டியரிங்க விடறீங்க? ரோடு சரியில்லையா?"ன்னு கேட்டார்.

எப்படிச் சொல்றது? எங்க ஊர்ல வண்டி ஓட்டறவன் எவனும் மலையப் பாத்துட்டு சும்மா போக மாட்டான். அவன் தூக்க வேணாம், வலது கை தானா எழும்பும். நெத்தியத் தொடும், ரெண்டு கன்னத்துலயும் போடும், நெஞ்சுல ஒரு நொடி நிக்கும், மறுபடி ஸ்டியரிங்குக்கு வந்துடும். மலை மட்டுமா? ரோட்டோரத்துல பிள்ளையாரு, முனீஸ்வரன், கெங்கையம்மா, மாரியம்மான்னு வரிசையா காத்துக்கிட்டு இருக்காங்க. ஒருத்தரக் கும்பிட்டு ஒருத்தர விட்டா நல்லாவா இருக்கும்? ஊரத் தாண்டறதுக்குள்ள வெளியில இருந்து பாக்கறவனுக்கு டிரைவர் கொசு அடிக்கற மாதிரி இருக்கும்.

கடைசியில எங்க பாய்தான் வாயத் தொறந்தார். பாய் எங்கூட லோக்கல் லைன் ஓட்டறவர். அவங்க குடும்பம் இந்த ஊர்ல எத்தன தலமொறன்னு அவருக்கே தெரியாது. "சார், ரோடு நல்லாத்தான் இருக்குது. இவங்களுக்கு பக்தி கொஞ்சம் ஜாஸ்தி"ன்னார்.

சார் நெத்தியப் புடிச்சுக்கிட்டார். "சரி, கும்பிடணும்னா வண்டிய ஓரங்கட்டிட்டுக் கும்பிடுங்க."

எனக்கு வந்துச்சே கோவம். "சார், திருவண்ணாமலையில சாமிக்கு சாமி வண்டிய நிறுத்தினா, இன்னைக்கு ஏத்தின சோப்பு அடுத்த பௌர்ணமிக்குத்தான் மெட்ராஸ் போய்ச் சேரும்."

"அப்ப மனசுக்குள்ள கும்பிடுங்கண்ணே."

"மனசுக்குள்ள கும்பிட நான் என்ன சாமியாரா? லாரி டிரைவர் சார்."

எல்லாரும் சிரிச்சாங்க, சாரும் சிரிச்சார். ஆனா மார்க் கழியறது மட்டும் நிக்கல. பாய் ரொம்ப நாள் என்ன ஓட்டிக்கிட்டே இருந்தார். "நாங்கல்லாம் தொழணும்னா இறங்கி, கை கால் கழுவி, ஒழுங்கா தொழுவோம் பா. ஓடற வண்டியில சலாம் போட்டா அவனுக்கே கேக்காது"ன்னு நக்கல். அவரு மார்க்கும் ஒண்ணும் கிழிக்கல. நாள் பூரா பாக்கு மெல்லுவார், பொட்டி அத கொட்டாவின்னு எண்ணிக்கிட்டே இருந்துச்சு. செஞ்சி ரோட்டுல ஒரு தர்கா வரும், அங்க அவரு கையும் நெஞ்சுக்குப் போயிடும். "இது பழக்கம் பா, கணக்குல சேராது"ன்னுவார். பொட்டி சேத்துக்கிச்சு.

இதுக்கு நடுவுல கம்பெனி இன்னொரு நல்ல காரியம் பண்ணுச்சு. வீட்டுல இருக்கறவங்களும் அக்கறை காட்டணும்னு பொண்டாட்டிங்க போன்ல எல்லாம் ஒரு ஆப் ஏத்திக் குடுத்தாங்க. வண்டி எங்க நிக்குதுன்னு அதுல காட்டாது. என்ன தப்பு பண்ணினோம்னு மட்டும் அப்பவே டிங்னு சொல்லும். எந்தப் புண்ணியவானுக்கு வந்த யோசனையோ, அவன் வீட்டுல பொண்டாட்டியே இருந்திருக்க மாட்டா.

சாயங்காலம் செருப்பக் கழட்டறதுக்குள்ள விசாரணை ஆரம்பிச்சுடும். "மத்தியானம் கொட்டாவி விட்டீங்களே, பிரியாணி தின்னீங்களா?" "பதினோரு மணிக்கு என்னாத்துக்கு அப்படி ஒரு பிரேக்கு? யாரப் பாத்துக்கிட்டு ஓட்டினீங்க?" நாடு பூரா சுத்தி வந்தும் இப்படி ஒரு செக்போஸ்ட்ட நான் பாத்ததில்ல.

ஆனா அவ கெட்டிக்காரி. காலையில முதல் 'கை விலகல்' வந்தா நான் மலையக் கும்பிட்டுக் கிளம்பிட்டேன்னு அவளே கண்டுபுடிச்சுட்டா. சாயங்காலம் திரும்பி வர்றப்ப கீழ்பென்னாத்தூர் தாண்டினா தூரத்துல மலை நீலமா தெரியும், என் கை எழும்பும், அவ போன்ல டிங்குன்னு வரும். உடனே எழுந்து உலை வெப்பா. டிப்போவுல வண்டிய விட்டுட்டு வேங்கிக்கால் வீட்டுக்கு நான் வந்து சேரவும் சோறு வடிக்கவும் சரியா இருக்கும். கம்பெனி எதுக்குக் குடுத்தாங்களோ தெரியாது, எங்க வீட்டுல அது சோத்து மணி ஆயிடுச்சு.

அவளுக்கு மாசம் ஏற ஏற எனக்கு பயம் வந்துடுச்சு. மார்க் கம்மியாகி வடக்கே போயிட்டா என்ன பண்றது? ஒரு வழி கண்டுபுடிச்சேன். கை ஸ்டியரிங்க விடக் கூடாது, அவ்வளவுதான? புடிச்சது புடிச்சபடி கட்டைவிரல மட்டும் மலையப் பாத்துத் தூக்கிக் காட்டுவேன். பொட்டி கம்முனு இருந்துச்சு! அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, டிப்போவுல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். ஒரு வாரத்துல டிப்போ மொத்தமும் கட்டைவிரல் கும்பிடுதான். "அண்ணாமலையாருக்கே லைக் போடறீங்களா, வெளங்கிடும்"னு பாய் தலையில அடிச்சுக்கிட்டார்.

வீட்டுல மட்டும் சண்ட. "நீங்க கும்பிட மாட்டேங்கறீங்க, நான் எப்பங்க உலை வெக்கறது?"ன்னு கேட்டா. சூடு ஆறின சோத்த முழுங்கிக்கிட்டே, புள்ள பொறக்கற வரைக்கும் பொறுத்துக்கடின்னேன்.

எல்லாம் நல்லா போய்க்கிட்டு இருந்துச்சு. அந்த மாசக் கடைசியில செங்கம் ரோட்டுல ஒரு குடோனுக்கு அரிசி மூட்டை இறக்க அனுப்பினாங்க. ரமணாசிரமம் பக்கம் தெரியும் இல்ல, காப்பி கடையும் வாடகை ரூமுமா இருக்கும், வெளிநாட்டுக்காரங்க செருப்பு இல்லாம நடப்பாங்க. மெதுவாத்தான் போய்க்கிட்டு இருந்தேன். வெள்ள ஜிப்பா போட்ட ஒரு ஆளு ஓரமா நடந்து வந்தவர், திடீர்னு மலை கண்ணுல பட்டுச்சு போல, நேரா நடு ரோட்டுக்கு வந்துட்டார். வந்து, கண்ண மூடி, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டு நின்னுட்டார்.

அடிச்சேன் பாரு பிரேக்கு. மூட்டையெல்லாம் முன்னால வந்து இடிச்சுது. வண்டி அவருக்கு ஒரு முழம் முன்னால நின்னுச்சு. "கவனம்! ஓட்டுநர் கவனம்!"னு பொட்டிக்காரி கத்தறா. அவரு மெதுவா கண்ணத் தொறந்தார், லாரியப் பாத்தார், சிரிச்சார், லாரிக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டார். யோவ், உனக்கு ரெண்டு கையத் தூக்கினாலும் மார்க் கழிய மாட்டேங்குது, எனக்கு ஒரு கையத் தூக்கினாலே கணக்கான்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தாம கியரப் போட்டு வண்டிய எடுத்தேன்.

சடார் பிரேக்குக்குத்தான் கழிக்கறதுலயே ஜாஸ்தி. அந்த ஒரு பிரேக்குல நான் கடைசிக்குப் போயிட்டேன். சேஃப்டி சார்கிட்ட ஓடினேன். அவரு வீடியோவ ரெண்டு வாட்டி பாத்தார். மூஞ்சி வெளுத்துப் போச்சு அவருக்கு.

"நல்ல வேளைண்ணே, நிறுத்தினீங்க"ன்னார்.

"அப்ப மார்க்கத் திரும்பக் குடுங்க சார்."

"காரணம் போடறதுக்கு சிஸ்டம்ல எடம் இல்லண்ணே."

"நான் பிரேக் அடிக்காம போயிருந்தா?"

அவரு கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிப் பாத்தார். "பிரேக் மார்க் கழிஞ்சிருக்காது. அது வேற தலைப்புல வரும்"ன்னார். அவரப் பாத்து சிரிக்கறதா அழறதான்னு தெரியல. எம் பொண்டாட்டிக்கு ஒம்பதாவது மாசம் சார்னேன். மேல பேசிப் பாக்கறேன்னார். பேசியும் இருப்பார், நல்ல மனுசன். மேல இருக்கறவனுக்கும் சுவத்துல ஒரு மார்க் ஒட்டியிருப்பாங்க.

மாசம் பொறந்து வடக்கு லைன்னு ஆனதும் வீட்டுல சொன்னேன். அவ அழல, சோறு போட்டா. "அடுத்த மாசம் முதல் வாரம்னுதான தேதி குடுத்திருக்காங்க? இந்த மாசம் நூறு வாங்கிட்டு வந்துடுங்க"ன்னா. என்னமோ கடையில போய் நூறு கிராம் மிளகு வாங்கிட்டு வாங்கங்கற மாதிரி. போளூர்ல இருந்து எங்க அக்காவ வரவழைச்சு கூட விட்டுட்டுக் கிளம்பினேன்.

அந்த மாசம் நான் ஓட்டின மாதிரி எவனும் ஓட்டியிருக்க மாட்டான். போன அணைச்சு உறையில போட்டு சீட்டுக்குப் பின்னால வெச்சுடுவேன், நிறுத்தற எடத்துல மட்டும்தான் எடுப்பேன். கொட்டாவி வந்தா உதட்டக் கடிச்சு அடக்கிக்கிட்டு, அடுத்த தாபாவுல போய் படுத்துடுவேன். ஆந்திராவுல எத்தன ஆஞ்சநேயர், அத்தன பேருக்கும் கட்டைவிரல்தான். மன்னிச்சுக்கப்பா, புள்ள பொறந்ததும் வந்து ஒழுங்கா கும்பிடறேன்னு வாயசைக்காம சொல்லிக்குவேன். வாயசைச்சாலும் போன்ல பேசறான்னு நெனச்சுக்கும் அந்தச் சனியன். ரெண்டு நடை முடிஞ்சு மூணாவதுல திரும்பி வர்றப்பவும் நூறு அப்படியே நின்னுச்சு. மாசம் முடிய நாலு நாளுதான் பாக்கி. மெட்ராஸ்ல பாதி லோடு இறக்கிட்டு, திண்டிவனத்துல டீ குடிக்கறப்ப வீட்டுக்குப் பேசினேன். நல்லாத்தான் பேசினா. வர்றப்ப பன்னீர் சோடா வாங்கிட்டு வாங்கன்னா.

செஞ்சி தாண்டி கீழ்பென்னாத்தூரும் தாண்டினேன். வேர்க்கடல கொல்லைங்களுக்கு அந்தப் பக்கம் மலை எழும்பிச்சு. மாசம் பூரா பாக்காத மலை, சாயங்கால வெயில்ல பளிச்சுன்னு நிக்குது. கட்டைவிரலத்தான் தூக்கினேன், சத்தியமா அதத்தான் தூக்கினேன். ஆனா எப்படிப் போச்சோ தெரியல, கை மொத்தமா எழும்பிடுச்சு. நெத்தி, ரெண்டு கன்னம், நெஞ்சு. எப்பவும் ஒரு நொடி நிக்கற கை அன்னைக்கு நெஞ்சுலயே நின்னுடுச்சு. கண்ண மூடல, எடது கை ஸ்டியரிங்ல கெட்டியாத்தான் இருந்துச்சு, அந்த அளவுக்கு நான் மடையன் இல்ல.

"கவனம்! ஓட்டுநர் கவனம்!"

போச்சு. நூறு போச்சு, லோக்கல் லைன் போச்சு, முதல் வாரம் போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "யோவ் அண்ணாமலையாரே, ஒரு நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? உனக்கு என்னய்யா, அசையாம உக்காந்திருக்கற, உன்ன எவன் கேக்கப் போறான்? புள்ள பெக்கறவ அங்க தனியா கம்பியப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா?"ன்னு வாயில வந்தபடி திட்டினேன். அதுக்கும் பொட்டி ஒரு கத்து கத்துச்சு. நீயும் கத்திக்கடின்னு விட்டுட்டேன்.

டிப்போ கேட்டுலயே பாய் பைக்க ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு நிக்கிறார். "போன எடுக்க மாட்டியா நீ? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க பா, ஏறு ஏறு"ன்னார். நான் டிரிப் ஷீட்டுல கையெழுத்துக்கூடப் போடல. பின்னால உக்காந்து அவரு தோளப் புடிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்குது.

பிரசவ வார்டு வராண்டாவுல வீட்டுக்காரிய டிராலியில படுக்க வெச்சு உள்ள தள்ளிட்டுப் போற நேரம். ஓடிப் போய் கையப் புடிச்சேன். என் கை பூரா டீசல் நாத்தம், பருப்புத் தூசி. அவ அத அவ்வளவு இறுக்கிப் புடிச்சா, எனக்கே வலிச்சுது.

"தம்பி, இவ பண்ணின கூத்து இருக்குதே"ன்னு எங்க அக்கா மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லிச்சு. "பிரஷர் ஏறிடுச்சு, அழுகைய நிறுத்தவே மாட்டேங்கறா. டாக்டரம்மா கத்துது, நர்ஸம்மா கத்துது. உன் போனு வேற அணைஞ்சு கெடக்குது. அப்ப இவ போன்ல டிங்குன்னு ஒண்ணு வந்துச்சு. அதப் பாத்துட்டு, 'அவரு கீழ்பென்னாத்தூர் தாண்டிட்டாரு அண்ணி, வந்துடுவாரு'ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் அழவே இல்ல."

கதவுகிட்ட வந்ததும் நர்ஸம்மா என் கையப் பிரிச்சு விட்டுச்சு. கதவு மூடிச்சு. நானும் பாயும் வெளியில நின்னோம். வராண்டாவுல ஜன்னல் வழியா பாத்தா மலை தெரிஞ்சிது. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் கண்டபடி திட்டியிருந்தேனா, அந்தப் பக்கம் பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. உள்ள இருந்து குழந்த கத்தற சத்தம் கேட்டப்ப பாய் ரெண்டு கையையும் ஏந்தி என்னவோ முணுமுணுத்தார். நான் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, அந்த ஜிப்பாக்காரர் மாதிரியே நின்னேன். இதுவும் பொண்ணுதான், இதுவும் என்னப் பாத்து வீல்னுதான் கத்துச்சு.

சுவத்துல மார்க் ஒட்டினாங்க. நூறு இல்ல, அதனால அடுத்த மாசமும் எனக்கு வடக்குதான். நாலு நாள்தான் வீட்டுல இருந்தேன். கிளம்பற அன்னைக்கு வீட்டுக்காரி புள்ளைய மடியில போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தா. இந்த வாட்டி எப்படியாவது நூறு வாங்கிடறேன், கட்டைவிரலக்கூட தூக்க மாட்டேன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்"னா. "திரும்பி வர்றப்ப மலையப் பாத்தா கைய நல்லா தூக்குங்க. நான் உலை வெக்கணும்."